கசக்கும் சொல்லும் காவலன் செவியும்

இரஷ்யாவின் மீது படையெடுத்தவர் எவரும் வென்று மீண்டதில்லை என்றும், அந்நாட்டைக் காத்து நிற்பது அதன் கடும்பனியே என்றும் ஒரு கூற்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பள்ளியில் நெப்போலியனின் மாஸ்கோ படையெடுப்பைப் படித்தவர்கள், பனியில் புதைந்து மடிந்த பிரெஞ்சு வீரர்களின் காட்சியை எளிதில் மறப்பதில்லை. இட்லரின் படைகளும் அதே பனியில் உறைந்தன என்று பின்னர் அறிந்தபோது, அக்கூற்று நம் உள்ளத்தில் மேலும் உறுதி பெற்றது. ஆயினும் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து, அது முழு உண்மையன்று என்பது புலனாகும். 1856-இல் முடிந்த கிரிமியப் போரில் இரஷ்யா தோற்றது. 1905-இல் ஜப்பானிடம் தோற்றது. 1918 மார்ச் 3-ஆம் நாள் பிரெஸ்த் லித்தோவ்ஸ்க் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, தன் மேற்குப் பகுதிகளை ஜெர்மனியிடம் இழந்தது. இத்தோல்விகளின் காலத்திலும் அந்நாட்டில் பனி பெய்யாமல் இல்லை; நிலப்பரப்பும் குறைந்துவிடவில்லை; உழவர் குலத்திலிருந்து வந்த படைவீரனின் பொறுமையும் மாறிவிடவில்லை. அங்ஙனமாயின் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே மாறி நின்றது யாது?

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்துள்ளார். அவற்றை அடுத்தே தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரண்டையும் வைத்துள்ளார். முதல் மூன்றும் ஆற்றலையும் பருவத்தையும் நிலத்தையும் அறிவது பற்றியன; பின்னிரண்டும் தக்க ஆளை அறிந்து, நம்பி, அவரிடம் வினையை ஒப்படைப்பது பற்றியன. அன்றியும், செவிக்குக் கசக்கும் சொல்லையும் தாங்கிக்கொள்ளும் பண்பே உலகு தங்கத்தக்க அரசனின் பண்பு என்பது இறைமாட்சியில் அவர் காட்டும் கருத்து. இரஷ்யாவின் மூன்று பெரும் போர்களை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே நம் நோக்கம். இக்கட்டுரையில் வரும் நாள்கள் யாவும் இன்று வழங்கும் நாள்காட்டியின்படி அமைந்தவை.

விலகி நின்ற பேரரசர்

1812 ஜூன் 24-ஆம் நாள் நெப்போலியனின் பெரும்படை நியேமன் ஆற்றைக் கடந்து இரஷ்ய மண்ணில் காலூன்றியது. பிரெஞ்சுக்காரர், போலந்தினர், ஜெர்மானியர், இத்தாலியர் எனப் பல நாட்டவரும் அதில் இருந்தனர். அப்போரில் அடுத்தடுத்து ஈடுபடுத்தப்பட்டவர்களையும் சேர்த்தால் அவர்களின் தொகை சுமார் 6 இலட்சம். எதிர்நின்ற இரஷ்யப் படை இரு கூறாகப் பிரிந்து கிடந்தது. போர் அமைச்சராகவும் முதல் படையின் தலைவராகவும் இருந்தவர் பார்க்ளே தெ தோலி. இரண்டாம் படையின் தலைவர் ஜார்ஜியக் குலமகனான பக்ராத்தியோன்.

பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் தொடக்கத்தில் படையோடு தங்கியிருந்தார். அவர் உடனிருந்தமையால் யார் ஆணையிடுவது, யார் கீழ்ப்படிவது என்னும் தெளிவு குன்றியது. 1805 டிசம்பர் 2-இல் ஆஸ்டர்லிட்சுக் களத்தில், முதிய தளபதி குத்துசோவின் அறிவுரையைப் புறந்தள்ளிவிட்டுப் போரிடத் துணிந்து, நெப்போலியனிடம் அவர் பெற்ற தோல்வியை எவரும் மறக்கவில்லை. இப்போது அவருக்கு நெருங்கிய ஆலோசகர் மூவர் ஒன்றுகூடி, பேரரசர் படையை விட்டு நீங்கித் தலைநகருக்குச் செல்வதே நாட்டுக்கு நலம் என்று எழுத்தில் வேண்டினர். அவருடைய தங்கை கேத்தரினும் அதனையே வற்புறுத்தினார். படைநடத்தும் திறம் உமக்கில்லை என்று ஓர் அரசரிடம் கூறுவது எளிதன்று. அதனைக் கேட்டு ஏற்றுக்கொள்வது அதனினும் எளிதன்று. அலெக்சாந்தர் ஜூலை மாதத்தில் படையை விட்டு விலகினார். ஆள் திரட்டுவதும் பொருள் திரட்டுவதும் மக்களின் உள்ளத்தை ஒன்றுபடுத்துவதும் தம் பணி எனக் கொண்டார். போரின் போக்கில் இது சிறிய நிகழ்ச்சி போலத் தோன்றினும், பின்விளைவு நோக்கின் பெரியதேயாம்.

பார்க்ளே பின்வாங்கிக்கொண்டே சென்றார். எண்ணிக்கையில் மிக்க பகைவனோடு எல்லையிலேயே மோதித் தன் படையை அழித்துக்கொள்ளலாகாது என்பது அவர் முடிவு. பின்வாங்குந்தோறும் பகைவனின் உணவு வழி நீளும்; ஆள் குறையும்; குதிரை மாளும். இதனை அவர் நன்கு அறிந்திருந்தார். அறியாதவர்களோ அவரைக் கோழை என்றனர்; பால்டிக் ஜெர்மானியர் ஆதலால் அயலான் என்றனர்; துரோகி என்றும் ஏசினர். ஆகஸ்டு நடுவில் ஸ்மோலென்ஸ்க் நகரமும் கைவிடப்பட்டபோது, மக்களின் சினத்துக்கு எல்லையில்லை.

அந்நிலையில் பேரரசர் அமைத்த குழு குத்துசோவின் பெயரை முன்மொழிந்தது. அலெக்சாந்தருக்கு அவரைப் பிடிக்காது. ஆஸ்டர்லிட்சு நினைவு இருவருக்குமிடையே ஒரு முள்ளாக இருந்து வந்தது. ஆயினும் நாடும் குழுவும் விரும்புகின்றன என்பதற்காக, ஆகஸ்டு 20-இல் அவரையே தலைமைத் தளபதியாக அமர்த்தினார். பார்க்ளே போரிடாமல் பின்வாங்குகிறார் என்று சினந்தவர்களுக்காக அமர்த்தப்பட்ட குத்துசோவும், பதவியேற்றதும் முதற்கண் செய்தது பின்வாங்குவதே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பார்க்ளேயின் கணக்கு பிழையன்று. ஆனால் அக்கணக்கை மக்கள் நம்பி ஏற்பதற்கு இரஷ்யப் பெயர் கொண்ட ஒரு முதியவர் தேவைப்பட்டார்.

செப்டம்பர் 7-இல் போரோதினோவில் நடந்த பெரும்போரில், ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து வீழ்ந்தோரும் காயமுற்றோரும் சுமார் 70,000-க்கும் மேற்பட்டோர். பக்ராத்தியோன் அக்களத்தில் பெற்ற காயத்தால் சில நாள்களில் இறந்தார். செப்டம்பர் 13-இல் ஃபிலி என்னும் சிற்றூரில், ஓர் உழவனின் குடிசையில் தளபதிகள் கூடினர். மாஸ்கோவைக் காக்க மீண்டும் போரிடுவதா, படையைக் காக்க மாஸ்கோவை விடுவதா என்பதே கேள்வி. பென்னிக்சன் போரிட வேண்டும் என்றார். விட்டுவிடலாம் என்னும் கசப்பான சொல்லைத் துணிந்து கூறியவர், துரோகி என ஏசப்பட்ட அதே பார்க்ளே. குத்துசோவ் அவர் பக்கமே நின்றார். மாஸ்கோ போனால் இரஷ்யா போய்விடாது. படை போனால் இரண்டும் போம் என்பது அவர் கருத்து.

மறுநாள் நெப்போலியன் மாஸ்கோவில் புகுந்தார், நகரம் தீக்கிரையாயிற்று. அவர் சமாதானத் தூது அனுப்பி 5 வாரம் காத்திருந்தார். அலெக்சாந்தர் மறுமொழியே தரவில்லை. அதே நாள்களில் அவருடைய தங்கை, மாஸ்கோவை இழந்த பழி உம்மேல் சூழ்ந்துள்ளது என்று கடுமையாக எழுதினார். பேரரசர் அவரைத் தண்டிக்கவில்லை. தம் தரப்பை விளக்கி நீண்ட மறுமொழி எழுதினார். இதற்கிடையே குத்துசோவ் தம் படையைச் சுற்றுவழியாகக் கலூகா சாலைக்குக் கொண்டு சென்று, தாருத்தினோவில் பாசறை அமைத்தார். வளமிக்க தென்பகுதிக்குச் செல்லும் வழி அதனால் அடைபட்டது. அக்டோபர் 19-இல் மாஸ்கோவை விட்டு நீங்கிய நெப்போலியன், 24-ஆம் நாள் மலோயரோஸ்லாவெட்சில் தடுக்கப்பட்டு, தாம் வந்து அழித்த பழைய வழியிலேயே திரும்ப நேர்ந்தது.

இங்கே ஒன்றைக் குறிக்க வேண்டும். கடும்பனி விழத் தொடங்கியது நவம்பர் முதல் வாரத்தில். அதற்கு முன்னரே, கோடைவெயிலிலும் வயிற்றுப்போக்கிலும் நச்சுக்காய்ச்சலிலும் பட்டினியிலும் நெப்போலியனின் நடுப்படை தன் பெரும்பகுதியை இழந்துவிட்டது. போரோதினோவுக்கு அவர் கொண்டுவந்தது சுமார் 1,30,000 பேரே. பனி, ஏற்கெனவே தோற்றுவிட்ட படையைத்தான் கொன்றது. அப்பனி இரஷ்யரையும் விட்டுவைக்கவில்லை. தாருத்தினோவிலிருந்து சுமார் ஒரு இலட்சம் பேரோடு புறப்பட்ட குத்துசோவ், வில்னா நகரை அடைந்தபோது அவருடன் பாதிப்பேரும் இல்லை.

தாமே தலைவரான பேரரசர்

நூறாண்டுக்குப் பின் நிகழ்ந்ததை நோக்குவோம். இடையில் கிரிமியப் போரின் தோல்வி ஒரு பாடம் கற்பித்தது. மாஸ்கோவுக்குத் தெற்கே இருப்புப்பாதையில்லாத நாடு, தன் மண்ணிலேயே உள்ள செவஸ்தபோலுக்கு வெடிமருந்து அனுப்ப இயலாமல் தவித்தது. தோல்வியை ஒப்புக்கொண்ட இரண்டாம் அலெக்சாந்தர் 1861-இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார். 1874-இல் படைப்பணியை எல்லாக் குலத்தாருக்கும் பொதுவாக்கினார். கசப்பைக் கேட்ட செவி சில வேளைகளில் நாட்டையே மாற்றியமைக்கும் என்பதற்கு இது சான்று.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது, பிரான்சுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, இரஷ்யா தன் படை முழுதும் திரளுமுன்னரே கிழக்குப் பிரஷ்யாவில் புகுந்தது. கம்பியில்லாத் தந்தியில் மறைகுறியின்றி அனுப்பப்பட்ட ஆணைகளை ஜெர்மானியர் கேட்டறிந்தனர். ஆகஸ்டு இறுதியில் தன்னன்பெர்க்கில் சம்சோனவின் படை சூழப்பட்டது. ஏறக்குறைய 90,000 பேர் சிறைப்பட்டனர். சம்சோனவ் தம்மைத்தாமே சுட்டு மாய்த்துக்கொண்டார்.

1915 மே மாதத்தில் ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் கோர்லிட்சே பகுதியில் போர்முனையைப் பிளந்தனர். இரஷ்யரிடம் பீரங்கிக்குக் குண்டில்லை. வீரர் பலருக்குத் துப்பாக்கியும் இல்லை. ஆகஸ்டில் வார்சா வீழ்ந்தது. பின்வாங்கிய தலைமையகம் 1812-ஐ முன்மாதிரியாகக் கொண்டு, பயிரை எரிக்கவும் மக்களை அகற்றவும் ஆணையிட்டது. ஆனால் காலமும் இடமும் மாறியிருந்தன. 1812-இல் பகைவன் ஒரே நெடுஞ்சாலை வழியே, வழியில் கிடைப்பதை உண்டு வந்தான். 1915-இல் வந்தவன் இருப்புப்பாதை வழியே, தன் நாட்டிலிருந்து உணவும் குண்டும் தருவித்து வந்தான். அவன் பட்டினி கிடக்கவில்லை. இலட்சக்கணக்கான ஏதிலியர், அவர்களுள் யூதரும் போலந்தினரும் மிகப்பலர், உள்நாட்டு நகரங்களை நோக்கித் துரத்தப்பட்டதே கண்ட பயன். காலமறியாமல் கையாளப்பட்ட பழைய உத்தி, பகைவனுக்கு ஓங்கிய வாளைத் தன் மக்கள் மேலேயே இறக்கியது.

அவ்வேளையில் இரண்டாம் நிக்கோலாஸ் ஒரு முடிவெடுத்தார். தம் உறவினரான பெருங்கோமகன் நிக்கோலாசை நீக்கிவிட்டுத் தாமே தலைமைத் தளபதியாவது என்பதே அது. அமைச்சர் பலர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, வேண்டா என மன்றாடினர். இனி ஒவ்வொரு தோல்வியும் அரியணையின் தோல்வியாகும் என்றும், தலைநகரில் ஆட்சி தளரும் என்றும் அவர்கள் அஞ்சினர். பேரரசர் அதனைக் கேட்கவில்லை. 1915 செப்டம்பர் 5-இல் பொறுப்பேற்று மொகிலேவ் நகரில் தங்கினார். மன்றாடியவர்களுள் சிலர் சில வாரங்களுக்குள் பதவி இழந்தனர். 1812-இல் முதலாம் அலெக்சாந்தர் செய்ததற்கு இது நேர்மாறானது.

உண்மையில் படையை நடத்தியவர் அலெக்சேயவ் என்னும் தலைமை அலுவலரே. பேரரசரோ முடிவு கூறும் இடத்தில் இருந்துகொண்டு, முடிவு கூறாதவராய் இருந்தார். 1916 ஏப்ரலில் மொகிலேவில் கூடிய அவையில், வடக்கு மேற்கு முனைகளின் தளபதிகள் தாக்குவதற்குத் தயங்கினர்; தென்மேற்கு முனையின் தளபதி புருசீலவ் ஒருவரே தம்மால் இயலும் என்றார். ஜூன் 4-இல் அவர் தம் 4 படைகளையும் பல இடங்களில் ஒருங்கே தாக்கச் செய்தார். எந்த இடம் முதன்மையானது என்று ஆஸ்திரியரால் அறிய முடியவில்லை. அவர்களின் போர்முனை சிதைந்தது. அப்போரில் இரஷ்யா பெற்ற மிகப்பெரும் வெற்றி அதுவே. ஆனால் மேற்கு முனையில் மிகுந்த படையை வைத்திருந்த தளபதி ஏவர்ட், குறித்த நாளில் தாக்காமல் காலம் கடத்தினார். அவரை விரைவுபடுத்தவோ நீக்கவோ தலைமைத் தளபதியான பேரரசர் முனையவில்லை. வெற்றி சேற்றில் அமிழ்ந்தது. கோவெல் நகரைச் சூழ்ந்த சதுப்பில் வீரர்கள் பயனின்றி மடிந்தனர்.

தலைநகரில் பேரரசியின் கை ஓங்கியது. 1916 பிப்ரவரி தொடங்கி ஓராண்டுக்குள் பிரதம அமைச்சர் 3 முறை மாற்றப்பட்டார். 1917 மார்ச்சு 8-இல் பெட்ரோகிராடில் ரொட்டிக்காகத் தொடங்கிய கிளர்ச்சி ஒரு வாரத்தில் முடியாட்சியையே வீழ்த்தியது. முடி துறப்பதே நலம் என்று தந்தி அனுப்பியவர்களுள் புருசீலவும் இருந்தார். பதவி நீக்கப்பட்ட பெருங்கோமகனும் இருந்தார். மார்ச்சு 15-இல் பேரரசர் முடி துறந்தார். 1918 ஜூலையில் குடும்பத்தோடு கொல்லப்பட்ட அவரை, இரஷ்ய ஆர்த்தடாக்சு திருச்சபை 2000-ஆம் ஆண்டில் புனிதர் வரிசையில் சேர்த்தது. அவர் தம் துன்பத்தைத் தாங்கிய முறையைப் போற்றுவதற்கு எவ்வகைத் தடையும் இல்லை. ஆயின் நல்லவராய் இருத்தல் வேறு, நாட்டை நடத்தும் திறம் வேறு. தந்தையாகவும் கணவராகவும் குறையில்லாத ஒருவர், தமக்கு இயலாத பணியைத் தம் கடமை என்று கருதி ஏற்றதால் ஒரு பேரரசே சரிந்தது.

அஞ்சச் செய்த தலைவர்

மூன்றாம் காலத்தின் தலைவர் ஸ்டாலின். இளமையில் திபிலிசி குருமடத்தில் பயின்று இடையில் வெளியேறியவர். பிறர் தம் குறையைக் கூறுவதைக் கேட்கும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டவர். 1937 ஜூனில் மார்ஷல் துகாச்செவ்ஸ்கி பொய்க்குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாளில் இருந்த 5 மார்ஷல்களுள் 3 பேர் இவ்வாறு மாண்டனர்; தளபதிகளும் அலுவலர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர், சிறையிடப்பட்டனர், பதவி நீக்கப்பட்டனர். எஞ்சியவர் கற்ற பாடம் ஒன்றே: தலைவர் விரும்பாததைச் சொல்லற்க.

இதன் விளைவை 1941-இல் காண்கிறோம். ஜெர்மனி தாக்கப்போகிறது என்று ஒற்றர் பலரும் அயல்நாட்டாரும் எச்சரித்தனர். ஸ்டாலின் அவற்றைச் சூழ்ச்சி என ஒதுக்கினார். அவர் மனம் அறிந்த உளவுத்தலைவர்களும் செய்தியை அவர் விரும்பும் வண்ணமே வழங்கினர். ஜூன் 22 விடியலில் தாக்குதல் தொடங்கியது. பகைவனை அவன் மண்ணிலேயே சென்று வெல்வோம் என்பது போருக்கு முன் வகுத்த கோட்பாடாதலால், ஒழுங்காகப் பின்வாங்கும் திட்டம் ஏதும் இல்லை. 1812-இல் பார்க்ளேயைக் கோழை எனத் தூற்றினர். 1941-இல் பின்வாங்கலாம் என்று நினைப்பதே குற்றமாயிற்று. மேற்கு முனையின் தளபதி பாவ்லவ் ஒரு மாதத்துக்குள் சுடப்பட்டார்.

ஜூலை இறுதியில் படைத்தலைமை அலுவலராக இருந்த ஜுக்கோவ், கீவ் நகரைக் கைவிட்டுப் படையை ஆற்றுக்கு அப்பால் கொணர வேண்டும் என்றார். உழவர் குடும்பத்தில் பிறந்து, தோலாடை தைக்கும் தொழில் பழகி, சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்தவர் அவர். ஸ்டாலின் சினந்தார், ஜுக்கோவ் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். செப்டம்பரில் கீவுக்குக் கிழக்கே ஜெர்மானியரின் வளையம் மூடியது. ஜெர்மானியர் கணக்கின்படி சிறைப்பட்டோர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஃபிலிச் சிற்றூரின் குடிசையில் கூறப்பட்ட அதே கசப்பான சொல்லே இங்கும் கூறப்பட்டது. அங்கே தலைவர் கேட்டார், படை பிழைத்தது. இங்கே கேட்கவில்லை; படை அழிந்தது.

மாஸ்கோவின் வாயிலில் ஜுக்கோவே தற்காப்புக்குத் தலைமை தாங்கினார். டிசம்பர் 5-இல் எதிர்த்தாக்குதல் தொடங்கிப் பகைவனைப் பின்தள்ளினார். பனி அவருக்கு உதவிற்று என்பது உண்மையே. ஆனால் அதே பனி இரஷ்ய வீரன் மீதும் விழுந்தது. கிழக்கிலிருந்து கொணர்ந்த புதிய படைகளும், 5 மாதங்களாகப் போரிட்டுக் களைத்த பகைவனும், ஏற்றிச் செல்லப்பட்டுக் கிழக்குப் பகுதிகளில் மீண்டும் நிறுவப்பட்ட 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளுமே பனியினும் பெரிய காரணங்கள். ஆயினும் இவ்வெற்றி ஸ்டாலினை மீண்டும் செருக்குறச் செய்தது. ஓரிடத்தில் வலிமையைக் குவிக்க வேண்டும் என்று ஜுக்கோவ் கூறியதை மீறி, 1942 சனவரியில் எல்லா முனைகளிலும் தாக்க ஆணையிட்டார். மே மாதத்தில் கார்க்கிவ் அருகே மேலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

கேட்கக் கற்ற தலைவர்

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. 1942 ஜூலை 28-இல் ஓரடியும் பின்வாங்கலாகாது என்னும் 227-ஆம் ஆணையைப் பிறப்பித்த ஸ்டாலின், அதே இலையுதிர் காலத்தில் வேறொன்றும் செய்தார். தளபதிகளுக்கு மேல் கண்காணியாக இருந்த அரசியல் ஆணையர்களின் அதிகாரத்தை அக்டோபர் 9-இல் நீக்கினார். ஜுக்கோவும் வசிலேவ்ஸ்கியும் தீட்டிய ஸ்டாலின்கிராடுத் திட்டத்தை ஏற்றார். அவசரப்படுத்தாமல் பல வாரம் காத்திருந்தார். வசிலேவ்ஸ்கி ஓர் ஆர்த்தடாக்சு குருவின் மகன். கோஸ்த்ரோமா குருமடத்தில் பயின்றவர். குருமடத்திலிருந்து வெளியேறிய இருவர், நிலப்படத்தின் முன் அமர்ந்து அந்நாட்டின் தலைவிதியை எண்ணிக்கொண்டிருந்தனர் என்பது வியப்புக்குரியதே.

நவம்பர் 19-இல் தாக்குதல் தொடங்கியது. நகரத்தில் நின்ற ஜெர்மானியரை நேரே தாக்காமல், இரு பக்கங்களிலும் வலிமை குன்றி நின்ற ருமேனியப் படைகளைப் பிளந்து, 23-இல் வளையம் மூடப்பட்டது. 1943 பிப்ரவரி 2-இல் எஞ்சியோரும் சரணடைந்தனர். சிறைப்பட்ட சுமார் 91,000 பேருள் ஏறத்தாழ 6,000 பேரே பின்னாளில் தாயகம் திரும்பினர்.

அதே ஆண்டுக் கோடையில் கூர்ஸ்க் பகுதியில் முந்திக்கொண்டு தாக்க ஸ்டாலின் விரும்பினார். பகைவன் முதலில் தாக்கித் தளரட்டும் என்றார் ஜுக்கோவ். அவர் சொல் ஏற்கப்பட்டது. 1944-இல் பெலாரஸ் நாட்டைப் பகைவனிடமிருந்து மீட்கும் திட்டத்தைத் தீட்டும்போது, ஒரே இடத்தில் பெருந்தாக்குதல் வேண்டும் என்றார் ஸ்டாலின். இரு இடங்களில் சம வலிமையோடு தாக்க வேண்டும் என்றார் ரொக்கொசோவ்ஸ்கி. இவர் 1937-இல் கைதாகி, அடிபட்டு, 1940-இல் விடுதலை பெற்றவர். அடுத்த அறைக்குச் சென்று மீண்டும் எண்ணிப் பார் என்று தாம் இருமுறை வெளியே அனுப்பப்பட்டதாகவும், திரும்பி வந்து அதனையே கூறியதாகவும், முடிவில் ஸ்டாலின் இசைந்ததாகவும் அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். சிறையில் வாடி மீண்டவர் ஒருவர், தம்மைச் சிறையிட்டவர் முன்பே தம் கருத்தில் உறுதியாக நின்றார் என்பது சிறிய செய்தியன்று. அத்திட்டத்துக்கு இட்ட பெயர் பக்ராத்தியோன். 1812-இல் போரோதினோவில் காயமுற்று மாண்ட அதே தளபதியின் பெயர். சில வாரங்களில் ஜெர்மனியின் நடுப்படைத் தொகுதி சிதறியது.

அதே வேளையில் பகைவர் தலைமையில் நேர்மாறான மாற்றம் நிகழ்ந்தது. 1941 டிசம்பரில் இட்லர் தரைப்படையின் தலைமையைத் தாமே ஏற்றுக்கொண்டார். பின்வாங்கலாம் என்ற தளபதிகளை ஒவ்வொருவராக நீக்கினார். ஒருவர் கேட்கக் கற்றார். மற்றவர் கேட்பதை மறந்தார். அமெரிக்கா அனுப்பிய சுமார் 4 இலட்சம் மோட்டார் வண்டிகளும் பிற உதவிகளும், நேச நாடுகளின் போரும் ஒரு பக்கம் இருக்க, இம்மாற்றமும் போரின் முடிவுக்கு ஒரு காரணமாயிற்று.

எனினும் ஸ்டாலினின் செவி திறந்தது தேவையின் பொருட்டே, பண்பின் பொருட்டன்று. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், வெற்றித் தளபதி ஜுக்கோவ் ஒடெசாவுக்கு அனுப்பப்பட்டு ஒதுக்கப்பட்டார்.

விலை கொடுத்தவர் யாவர்?

தலைவர்களை ஒப்பிடும்போது நாம் பலகால் மறந்துவிடுவது, அவர்களின் பிழைக்கும் வெற்றிக்கும் விலை கொடுத்தவர்களையே. மாஸ்கோவை விட்டு நீங்கிய குத்துசோவின் படை, காயமுற்ற வீரர் ஆயிரக்கணக்கானோரை அங்கேயே விட்டுச் சென்றது. அவர்களுட் பலர் தீயில் மாண்டனர். 1812-இல் போரிட்ட பண்ணையடிமைகள், வெற்றிக்குப் பின் விடுதலை கிட்டும் என எதிர்பார்த்தனர். 1814-இல் வெளிவந்த அரச அறிக்கை, உழவர்கள் தம் கைம்மாற்றைக் கடவுளிடம் பெறுவார்களாக என்று கூறி முடித்துக்கொண்டது. மனிதர் தர வேண்டிய நீதியைக் கடவுள் கணக்கில் எழுதிவைப்பது எளிது. அந்நீதி வர மேலும் 47 ஆண்டுகள் ஆயின. பகைவனின் ஏலத்தையும் கசப்பான ஆலோசனையையும் தாங்கிய அலெக்சாந்தரின் செவிக்கு, தம் குடிகளின் ஏக்கம் எட்டவில்லை.

1941-45 போரில் சோவியத் நாடு இழந்த உயிர்கள் சுமார் 2 கோடியே 66 இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் படைவீரர் சுமார் 87 இலட்சம். ஜெர்மானியர் கையில் சிறைப்பட்டுப் பட்டினியாலும் கொடுமையாலும் மாண்ட சோவியத் வீரர் மட்டுமே 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர். உயிரோடு மீண்டவர்களையும் நாடு ஐயத்தோடு நோக்கியது. ஏனெனில் சரணடைந்த அதிகாரி துரோகி என்றும், அவர் குடும்பத்தாரும் கைதாவர் என்றும் 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் ஆணையிட்டிருந்தார். அவருடைய மகன் யாக்கவ் சிறைப்பட்டபோது மருமகளும் கைது செய்யப்பட்டார். 1941 நவம்பரில், ஜெர்மானியருக்குக் குளிரில் ஒதுங்க இடம் கிட்டாதவாறு, போர்முனைக்கு அப்பால் 40 முதல் 60 கிலோமீட்டர் வரை உள்ள ஊர்களை எரிக்கவும் ஆணை பிறந்தது. அவ்வூர்களில் இருந்தவர்கள் சோவியத் உழவர்களே. லெனின்கிராடு 872 நாள் முற்றுகையில் கிடந்தது. பட்டினியால் இறந்தோர் இலட்சக்கணக்கானோர்.

பகைவனின் கொடுமையே இவ்விழப்புகளுக்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கீவிலும் கார்க்கிவிலும் வளையத்துள் சிக்கியவர்கள், தலைவர் ஒருவர் கசப்பான சொல்லைக் கேட்டிருந்தால் சிக்கியிருக்க வேண்டியதில்லை. கேட்க மறுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் பெயர் தெரியாத வீட்டினர் கணக்குத் தீர்த்தனர்.

1812, 1945 ஆகிய ஆண்டுகளின் புகழைப் பின்னாளில் இரஷ்ய ஆட்சியாளர் பலரும் தம் போர்களுக்கு அணியாகச் சூட்டினர். 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைன் மீது போர் தொடுத்தபோதும் அந்நினைவுகள் முழங்கின. ஆனால் 1812-இலும் 1941-இலும் எல்லையைக் கடந்து வந்தவன் அயலான். 2022-இல் எல்லையைக் கடந்தது இரஷ்யப் படை. கீவை நோக்கி விரைந்த அப்படை, ஏப்ரல் தொடக்கத்துக்குள் அப்பகுதியை விட்டு மீண்டது. 1945-இன் வெற்றியை ஈட்டிய படையில் இரஷ்யரோடு உக்ரைனியரும் பெலாரசியரும் ஜார்ஜியரும் கசாக்கியரும் தோளோடு தோள் நின்றனர் என்பதை, அவ்வெற்றியைத் தனியுடைமையாக்குவோர் மறத்தற்கில்லை.

நாம் கற்பது யாது?

நிலத்தின் பரப்பும் பனியின் கடுமையும் மக்களின் தாங்கும் திறனும் இரஷ்யாவுக்கு இயற்கை தந்த செல்வங்கள். அவற்றைக் கையாள்வோர் யாவர், அவர்களிடம் உண்மை சென்று சேர்ந்ததா என்பதே காலத்துக்குக் காலம் வேறுபட்டது. முதலாம் அலெக்சாந்தர் தம் குறையை அறிந்து விலகி, தமக்குப் பிடிக்காத ஒருவரிடம் வினையை ஒப்படைத்தார். இரண்டாம் நிக்கோலாஸ் கடமையுணர்வால் தவறான இருக்கையில் அமர்ந்தார். ஸ்டாலின் முதலில் உண்மை பேசுவோரைக் கொன்றார்; பின்னர் எஞ்சியோரிடம் அதனைக் கேட்டு வாங்கினார்; அதற்குள் இறந்தோர் பல இலட்சம்.

தலைமை என்பது பேரரசர்களுக்கு மட்டும் உரியதன்று. வீட்டுத் தலைவருக்கும், பள்ளி நடத்துவோருக்கும், சங்கத்தின் பொறுப்பாளருக்கும், பங்கை நடத்தும் நமக்கும் அது சிறிய அளவில் உண்டு. நம்மிடம் வந்து, இது தவறு, இதனைக் கைவிடுக என்று கூற எவரேனும் துணிகின்றாரா என்று நாம் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நலம். எவரும் துணியவில்லையெனில், எல்லாம் சரியாக நடக்கிறது என்பது அதன் பொருளன்று.

புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் கசான் பேராலயத்தின் முன் இரு சிலைகள் நிற்கின்றன. ஒன்று குத்துசோவுடையது, அவர் உடலும் அப்பேராலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. மற்றொன்று பார்க்ளே தெ தோலியுடையது. துரோகி எனத் தூற்றப்பட்டவருக்கும் புகழ் பெற்றவருக்கும் 1837-இல் ஒரே முற்றத்தில், ஒரே உயரத்தில் இடம் தரப்பட்டது. உண்மையைச் சொன்னவருக்கு நாடு அளித்த மதிப்பு அது. காலம் தாழ்ந்து வந்தது. பார்க்ளே அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டிருந்தார்.